வராதவருக்கு வாய்தா, வந்தவருக்கு?

உரிமையியல் வழக்கு நடத்தும் ஒருவர் ஒரு விசாரணை நாளுக்காக நீதிமன்றம் வந்துபோக சராசரியாக 497 ரூபாய் செலவழிக்கிறார். அன்று வேலைக்குப் போகாததால் 844 ரூபாய் வருமானத்தை இழக்கிறார். பெங்களூரு 'தக்‌ஷ்' அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. இன்றைய விலைவாசியில் தொகை இன்னும் கூடியிருக்கும். எதிர்த்தரப்பு வரவில்லை என்று வழக்கு தள்ளிவைக்கப்படும் ஒவ்வொரு நாளும் இந்தப் பணம் வந்தவருடைய பையிலிருந்துதான் போகிறது. வராதவர் சார்பில் யாரோ எழுந்து ஒரு காரணம் சொல்கிறார், தேதி வாங்குகிறார். வந்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு அவர் பேருந்து ஏறுகிறார்.

வராத தரப்புக்கு வாய்தா மறுப்பதைக் கடுமை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வந்தவரின் பக்கம் நின்று பார்த்தால், மறுக்காமல் இருப்பதுதான் கடுமை. அதே சமயம், மறுப்பதும் நீதிபதி மனம் செலுத்திச் செய்ய வேண்டிய காரியம். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, வராததால் எதை இழக்கப்போகிறார் என்று பார்த்துச் செய்ய வேண்டியது. இந்த இரண்டையும் உச்ச நீதிமன்றம் எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. விசாரணை நீதிமன்றங்களில் இரண்டுமே அரைகுறையாக நடக்கின்றன. மறுக்க வேண்டிய இடத்தில் தேதி தருகிறார்கள். மறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மறுக்கிறார்கள்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 17ஆம் கட்டளை வாய்தாவுக்கென்றே இருக்கிறது. வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது காரணமாகாது என்று 1976இலேயே அதில் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்றாலும், வேறொருவரை ஏற்பாடு செய்ய முடியாமல் போனது என்று நீதிபதிக்கு மனநிறைவு ஏற்பட்டால்தான் தேதி தரலாம். சாட்சி வந்து நிற்கும்போது அவரை விசாரிக்க வேண்டியவர் வரவில்லை, அல்லது வந்தும் தயாராக இல்லை என்றால், நீதிமன்றமே சாட்சியின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்துகொண்டு குறுக்கு விசாரணை தேவையில்லை என்று உத்தரவிடலாம். 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று எண்ணிக்கையையே வரையறுத்தது.

அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். இன்று இந்தியாவின் எந்த மூலையில் வாய்தா பற்றி வாதம் நடந்தாலும் சேலத்தின் பெயர் அடிபடுவது அதனால்தான். 2005 ஆகஸ்ட் 2 அன்று நீதிபதி ஒய்.கே.சபர்வால் தலைமையிலான அமர்வு, திருத்தம் செல்லும் என்றது. முதல் வாய்தாவைக்கூட யாரும் உரிமை என்று கேட்க முடியாது என்றது. கூடவே, தரப்பினரின் கைக்கு மீறிய காரணம் இருந்தால் மூன்றைத் தாண்டியும் தரலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. அது சொன்ன எடுத்துக்காட்டுகள் கவனிக்கத்தக்கவை: திடீரென மருத்துவமனையில் சேர நேர்வது, பெரிய விபத்து, போபால் விஷவாயு, குஜராத் நிலநடுக்கம், கலவரம், சுனாமி. அப்போது சுனாமி அடித்து எட்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. நாகப்பட்டினத்தில் வீட்டோடு பத்திரங்களையும் கடலுக்குக் கொடுத்தவரிடம், உங்களுக்கு மூன்று தேதி முடிந்துவிட்டது என்று எந்த நீதிபதியால் சொல்ல முடியும்? அந்தக் கதவு திறந்திருக்க வேண்டியதுதான். ஆனால் சுனாமிக்காகத் திறந்துவைத்த கதவு வழியாக, 'சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார்', 'கட்சிக்காரர் வெளியூர் போயிருக்கிறார்' என்பவையெல்லாம் தினமும் உள்ளே வந்துவிடுகின்றன.

ஏன் வருகின்றன? விசாரணை நீதிபதிகள் தளர்வாக இருக்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டுவது எளிது. அவர்களைத் தளர்த்துவது எது என்று பார்க்க வேண்டும். 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஷிவ் காட்டெக்ஸ் வழக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. வழக்குப் போட்ட நிறுவனமே தன் சாட்சியத்தைக் கொண்டுவரவில்லை. விசாரணை நீதிபதி மூன்று வாய்ப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தார். முதல் மேல்முறையீட்டிலும் அது சரி என்றார்கள். இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்ட சொத்தின் மதிப்புப் பெரிது, இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பெருமதிப்புள்ள வழக்கு என்றால் அதை நடத்துபவருக்கு அக்கறையும் பெரிதாக இருக்க வேண்டும் அல்லவா? வழக்குத் தொடுத்தவர் தன் வசதிப்படி, ஓய்வு கிடைக்கும்போது நடத்திக்கொள்ள விசாரணை ஒன்றும் அவருடைய சொந்தக் காரியம் அல்ல என்பதுதான் நீதிபதி ஆர்.எம்.லோதா எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் நடந்ததுதான். சரியாக மறுத்த நீதிபதியின் உத்தரவு மேலே போய் உடைக்கப்பட்டது; அதைச் சரி என்று சொல்ல டெல்லிவரை போக வேண்டியிருந்தது. எத்தனை பேர் டெல்லிவரை போவார்கள்? 'ஒரு கடைசி வாய்ப்பு, ஆயிரம் ரூபாய் செலவுத்தொகையுடன்' என்று மேல் நீதிமன்றம் ஒரு வரியில் தரும் சலுகை, கீழே இருக்கும் நீதிபதிக்கு ஒரு பாடமாகிறது. நாளை உடைக்கப்படப்போகும் உத்தரவை இன்று ஏன் எழுத வேண்டும்? தேதி கொடுத்துவிட்டால் யாரும் மேல்முறையீடு போக மாட்டார்கள். 2021இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வழக்கொன்றில், வாதியைக் குறுக்கு விசாரணை செய்ய பிரதிவாதிக்குப் பத்து முறை தேதி கொடுக்கப்பட்டிருந்தது. பதினோராவது முறை மறுத்ததற்காக அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். நீதிபதிகள் எம்.ஆர்.ஷாவும் ஏ.எஸ்.போபண்ணாவும் அதை ஏற்கவில்லை. கேட்டபோதெல்லாம் இயந்திரத்தனமாகத் தேதி தருவது நீதித்துறையின் மீதான நம்பிக்கையையே குலைக்கும் என்று எச்சரித்தார்கள்.

உச்ச நீதிமன்றமும் இந்த நோய்க்கு விலக்கில்லை. 2023 நவம்பரில் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், இரண்டே மாதங்களில் 3,688 வழக்குகளில் தள்ளிவைக்கக் கோரும் கடிதங்கள் வந்திருப்பதாகத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லி வருந்தினார்.

இனி மறுபக்கம். மறுக்கும்போது எப்படி மறுக்க வேண்டும் என்பதற்கு இன்றும் வழிகாட்டுவது 1955இல் வந்த கோட்டா தேர்தல் நடுவர் மன்ற வழக்கு. தேர்தலில் வென்றவர் விசாரணைக்கு வராததால் அவரைத் தோன்றாத் தரப்பினராக்கிவிட்டு நடுவர் மன்றம் விசாரணையைத் தொடர்ந்தது. பிறகு ஒரு நாள் அவருடைய வக்கீல் வந்து நின்றபோது, நீங்கள் கலந்துகொள்ள முடியாது என்றது. நீதிபதி விவியன் போஸ் இதை ஏற்கவில்லை. நடைமுறைச் சட்டம் நீதிக்கு வழிவிடத்தான் இருக்கிறது, ஆட்களைத் தடுக்கிவிழச் செய்வதற்கோ தண்டிப்பதற்கோ அல்ல என்று அவர் எழுதினார். அதிலிருந்து கிடைத்த விதி தெளிவானது. தோன்றாத் தரப்பினர் என்று ஆக்கப்பட்டவர் வழக்கிலிருந்து வெளியே தள்ளப்படுவதில்லை. வராத நாளில் நடந்தது நடந்ததுதான். அதைத் திருப்ப வேண்டுமென்றால் தக்க காரணம் காட்ட வேண்டும். ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து தொடர்ந்து நடத்த அவருக்கு உரிமை உண்டு. வந்தவரின் நாளும் வீணாகாது, வராதவரின் குரலும் ஒரேயடியாக அடைபடாது. இதைவிட நியாயமான ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை.

நம் ஊர் நடைமுறை எப்படி இருக்கிறது? டவாலி மூன்று முறை கூப்பிடுகிறார். பிரதிவாதி இல்லை. தோன்றாத் தரப்பினர் என்று குறிக்கப்படுகிறது. வாதி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார், ஆவணங்கள் குறியிடப்படுகின்றன, 'கோரிக்கை நிரூபிக்கப்பட்டது, வழக்கு செலவுத்தொகையுடன் தீர்ப்பாணை செய்யப்படுகிறது' என்று இரண்டு மூன்று வரியில் எல்லாம் முடிகிறது. ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் அந்த இரண்டு வரியில் கைமாறிவிடலாம். எதிர்த்தரப்பு பதிலுரையே போடாவிட்டாலும் வாதியின் வழக்கைச் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே சொல்லிவிட்டது. காரணம் எழுதாத ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, சட்டத்தின் பார்வையில் தீர்ப்பே ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் மீனாட்சிசுந்தரம் டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் கூறியது. ஒருவர் வரவில்லை என்பதால் மற்றவர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது.

இப்படி அவசரத்தில் எழுதிய இரண்டு வரி நேரத்தையாவது மிச்சப்படுத்துகிறதா என்றால், அதுவும் இல்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள் அவகாசம். அது தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் ஒரு மனு. அந்த மனுவுக்கு எதிருரை, விசாரணை, உத்தரவு. உத்தரவுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. அதற்குள் நிறைவேற்றல் மனு ஒரு பக்கம் ஓடும், அதற்குத் தடை கோரி இன்னொரு மனு. மூல வழக்கில் யாருக்கு உரிமை என்ற கேள்வியைத் தொடாமலேயே சில ஆண்டுகள் போய்விடும். நாலு பக்கத்தில் ஒழுங்காகக் காரணம் எழுதப்பட்ட தீர்ப்பு, இந்த அலைச்சலில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கும்.

வரவில்லை என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. பெரும்பாலும் வராதவர் வக்கீல். விலை கொடுப்பவர் கட்சிக்காரர். 1981இல் நீதிபதி டி.ஏ.தேசாய் ஒரு தீர்ப்பில் இதை மனிதக் கண்ணோடு பார்த்தார். கிராமத்திலிருந்து வரும் ஒருவர் வக்கீலை அமர்த்தி, கட்டணம் கொடுத்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார். வக்கீல் நீதிமன்றத்துக்குப் போகிறாரா என்று அவர் காவல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? தள்ளுபடியான மேல்முறையீட்டை மீட்டுக்கொடுத்த உச்ச நீதிமன்றம், 200 ரூபாய் செலவுத்தொகையை வராத வக்கீலிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது. 1993இல் கல்கத்தாவிலிருந்து வந்த வழக்கில் அதே நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. அங்கே விசாரணையைத் தள்ளிவைக்க மறுத்ததும், வக்கீலின் ஆலோசனைப்படி பிரதிவாதி நிறுவனம் வராமலே இருந்துவிட்டது. பிறகு பழியை வக்கீல் மேல் போட்டது. நகரத்தில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் தன்னை விவரமறியாத கிராமத்தாரோடு சேர்த்துக்கொள்ள முடியாது என்றார்கள் நீதிபதிகள். இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: வராமல் இருந்தது ஏமாந்துபோனதா, திட்டமிட்டதா?

நீதிமன்றப் புறக்கணிப்பு நாட்களைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் இதை எழுத முடியாது. வக்கீல்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்பதற்காக வழக்கைத் தள்ளிவைக்கும் கடமை எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்று நீதிபதி கே.டி.தாமஸ் அங்கம் வகித்த அமர்வு 2000இன் இறுதியில் தீர்ப்பளித்தது. அப்படி வராததால் கட்சிக்காரருக்கு விதிக்கப்படும் செலவுத்தொகைக்கு வக்கீலையே பொறுப்பாக்கலாம் என்றும் சொன்னது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே வக்கீல்களுக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் அரசமைப்பு அமர்வு கூறியது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகும் புறக்கணிப்பு நாளில் நம் நீதிமன்றங்களில் நடப்பது என்ன? அன்றைய பட்டியல் முழுக்க அடுத்த தேதிக்குப் போகிறது. திருவண்ணாமலை மலையடிவாரத்திலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ புறப்பட்டு வந்தவருக்கு, புறக்கணிப்பு என்பதே நீதிமன்ற வாசலில்தான் தெரிகிறது.

குற்ற வழக்கில் நிலைமை வேறு. அங்கே வாய்தா மறுத்தால் போவது ஒருவரின் சுதந்திரம், சில நேரம் உயிர். அதனால்தான் சட்டம் அங்கே வேறு பாதையில் போகிறது. உரிமையியல் மேல்முறையீட்டில் மேல்முறையீட்டாளர் வராவிட்டால், வராமைக்காகத் தள்ளுபடி செய்யலாம். வழக்கின் தன்மைக்குள் போய்த் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குற்ற மேல்முறையீட்டில் இது தலைகீழ். வரவில்லை என்று மட்டும் தள்ளுபடி செய்யக் கூடாது; ஆவணங்களைப் படித்து, காரணம் எழுதி, வழக்கின் தன்மையின் மீதே முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீட்டாளரும் வக்கீலும் வராதபோது தள்ளிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் தள்ளுபடி செய்யவும் முடியாது என்று 1996இல் பாணி சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு நிலைநாட்டியது. சிறையில் இருப்பவர் நினைத்த நேரத்தில் நீதிமன்றம் வர முடியாது என்பதால், அவருக்காகத் தேதி மாற்றவோ அரசுச் செலவில் வக்கீல் அமர்த்தவோ செய்யலாம் என்றும் அந்தத் தீர்ப்பு இடம் கொடுத்தது.

தேவையான வாய்தாவைத் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் 2013இல் நடந்ததை ஒவ்வொரு நீதிபதியும் அறிந்திருக்க வேண்டும். ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு. ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இலவச சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட வக்கீல் பிப்ரவரி 19 அன்று வரவில்லை. அதே நாளில் இன்னொருவரை நியமித்து, அதே நாளில் குற்றச்சாட்டும் வனைந்தார்கள். மார்ச் 4 அன்று மரண தண்டனை. பதின்மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டைப் படித்துப் பார்க்கக்கூட நேரம் இல்லாத வக்கீலால் யாருக்கு என்ன பயன் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், 2019 டிசம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. இத்தகைய வழக்குகளில் வக்கீலுக்குக் குறைந்தது ஏழு நாளாவது தயாரிப்புக்குக் கொடுக்க வேண்டும் என்றது. கடைசியில் 2024இல் அந்த மனிதர் விடுதலையானார். ஏழு நாளை மிச்சப்படுத்தியதன் விலை பதினோரு ஆண்டுகள். கொல்லப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கும் அந்த அவசரத்தால் எதுவும் கிடைக்கவில்லை.

இதன் எதிர்முனையும் உண்டு. பஞ்சாபில் ஒரு லஞ்ச வழக்கில் சாட்சியின் முதல் விசாரணை முடிந்து, குறுக்கு விசாரணை இருபது மாதங்கள் தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் சாட்சி மாறிவிட்டார். 2015இல் அந்த வழக்கை முடிக்கும்போது, அப்படித் தள்ளிவைத்ததே நேர்மையான விசாரணைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் மனம் வெதும்பி எழுதியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவு, கைக்கு மீறிய காரணம் இருந்தாலும் எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தைக் கேட்டு இரண்டு வாய்தாவுக்கு மேல் தரக் கூடாது என்கிறது. எண்ணிக்கையை வரையறுப்பதால் மட்டும் எதுவும் மாறாது என்பதை உரிமையியல் நீதிமன்றங்களின் இருபது ஆண்டு அனுபவம் சொல்கிறது.

உண்மையிலேயே கடுமை தேவைப்படும் தரப்பு ஒன்று இருக்கிறது: அரசு. நாட்டிலேயே அதிக வழக்குகளில் தரப்பினராக இருப்பது அரசும் அதன் துறைகளும்தான். நில ஆர்ஜித இழப்பீட்டு வழக்கில் அரசு வழக்கறிஞர் 'துறையிலிருந்து விவரம் வரவில்லை' என்று சொன்னால் தேதி கிடைத்துவிடுகிறது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு நடக்கும் விவசாயி இரண்டு தேதிக்கு வராவிட்டால் அவர் வழக்கு தள்ளுபடியாகிறது. அஞ்சல் துறை 427 நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு வந்தபோது, கோப்பு மேசை மேசையாக நகர்வதைக் காரணமாகச் சொல்லும் காலம் முடிந்துவிட்டது, காலவரையறைச் சட்டம் அரசுக்கும் பொதுவானதே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்தா விஷயத்திலும் அதே அளவுகோல் வர வேண்டும். வராத அதிகாரியின் சம்பளத்திலிருந்து செலவுத்தொகையைப் பிடித்தால், விவரம் தானாக வந்து சேரும்.

நீதிமன்றத்தின் பக்கமும் குறை இருக்கிறது. நீதிபதி விடுப்பில் இருப்பதை வந்தவர் வாசலில்தான் தெரிந்துகொள்கிறார். 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று 1987இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. இன்று அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அந்தப் பற்றாக்குறை வராதவரின் சாக்காக மாறிவிடக் கூடாது என்பது மட்டும் இங்கே சொல்ல வேண்டியது.

2015இன் வணிக நீதிமன்றச் சட்டம், வக்கீல் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு மேலாண்மை அமர்வைத் தள்ளிவைக்கக் கூடாது என்கிறது. முன்கூட்டியே மனுப் போட்டால்தான், அதுவும் செலவுத்தொகையோடுதான், தேதி. பெரிய வணிகர்களின் வழக்குக்குக் கிடைத்த இந்த ஒழுங்கு, பாகப்பிரிவினைக்கும் ஜீவனாம்சத்துக்கும் அலைபவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35பி பிரிவு 1976இலிருந்து இருக்கிறது. தாமதப்படுத்திய தரப்பு, வந்தவரின் அன்றைய செலவை ஈடுகட்டும் தொகையைக் கொடுக்க வேண்டும். அடுத்த தேதிக்குள் கொடுக்காவிட்டால் அந்தத் தரப்பு வழக்கை மேற்கொண்டு நடத்த முடியாது. இவ்வளவு கூரான பிரிவு பெரும்பாலும் பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது. விதிக்கும்போதும் நூறு, இருநூறு என்று விதிக்கிறார்கள். தள்ளிப்போட நினைப்பவருக்கு அது மலிவான கட்டணம்.

உயர் நீதிமன்றங்கள் செய்யக்கூடியது அதிகம். விசாரணை நீதிபதி காரணம் எழுதி மறுத்த உத்தரவைச் சீராய்வில் உடைக்க வேண்டுமென்றால், அந்தக் காரணம் எங்கே தவறு என்று எழுதிவிட்டு உடைக்கட்டும். இன்னொரு வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே தேதி, அதைத் தாண்டினால் இல்லை என்று குறிக்கட்டும். செலவுத்தொகையை வழக்கறிஞர் சங்க நூலகத்துக்கோ நிவாரண நிதிக்கோ அனுப்பும் பழக்கத்தை விட்டு, வந்தவரின் பயணச் செலவையும் இழந்த கூலியையும் கணக்கிட்டு அவர் பெயரிலேயே உத்தரவில் எழுதட்டும். அடுத்த தேதியில் வழக்கு அழைக்கப்பட்டதும் நீதிபதி முதலில் கேட்பது அந்தத் தொகையைக் கொடுத்த ரசீதாக இருக்கட்டும்.